மர்பி டவுனில் நாட்டியப் பள்ளி தேடி

பிழைப்பு நாடியோ பணியேற்றோ பெங்களூருக்கு வந்து குடியேறும் நம்மவர் குடும்பங்களில், வீடு பார்த்து, பால்காரரிடம் சொல்லி வைத்து, குழந்தையைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்து முடித்த பிறகு, சில மாதங்களில் ஒரு கேள்வி எழுவதுண்டு. “குழந்தையை நாட்டியத்துக்கு எங்கே விடலாம்?” என்பதே அக்கேள்வி. ஊரில் இருந்தால் பாட்டியோ அத்தையோ விடை சொல்லியிருப்பார். இங்கே அண்டை வீட்டார் ஓர் இடத்தைச் சொல்கின்றனர். அலுவலக நண்பர் வேறோர் இடத்தைச் சொல்கின்றார். தெருமுனைச் சுவரில் ஒட்டிய அறிவிப்பு மூன்றாம் இடத்தைச் சொல்கின்றது. எதை நம்புவது?

சங்கத்துக்கு வரும் குடும்பங்கள் சில இக்கேள்வியை நம்மிடமும் கேட்டன. ஆகவே மர்பி டவுனை நடுவாகக் கொண்டு, நடந்து செல்லக்கூடிய தொலைவிலும் அதற்கு அப்பாலும் நாட்டியம் கற்பிக்கும் இடங்கள் சிலவற்றைச் சில மாலைப் பொழுதுகளில் சென்று கண்டோம். அவ்விடங்களின் பெயர்களை இங்கே எழுதப் போவதில்லை. ஒருவரைப் புகழ்வதும் மற்றொருவரைக் குறை கூறுவதும் நம் நோக்கமன்று. சென்ற இடத்தில் எதைப் பார்க்க வேண்டும், எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டால், தமக்குரிய பள்ளியை ஒவ்வொரு குடும்பமும் தானே தேர்ந்துகொள்ளும்.

ஊரும் பேரும்

மர்பி டவுன், அல்சூருக்கும் இந்திரா நகருக்கும் இடையே, பழைய சென்னைச் சாலையை அடுத்து அமைந்த குடியிருப்பு. முன்னாளில் இதற்கு நாக்ஸ்பேட்டை என்று பெயர். ஆங்கிலேயர் ஆட்சியில் இக்குடியிருப்பைத் திட்டமிட்டு வீடுகளின் அமைப்பையும் வகுத்துக் கொடுத்த பொறியாளர் மர்பி என்பவரின் பெயரே பின்னர் ஊருக்கு நிலைத்துவிட்டது. நெருக்கடியான இடங்களில் வாழ்ந்துவந்த உழைப்பாளர் குடும்பங்களுக்கு ஒழுங்கான தெருக்களில் சிறு வீடுகளை அமைத்துத் தரும் எண்ணத்தில் எழுந்தது இது.

பெங்களூரில் ஆங்கிலேயரின் படைவீடு 1809ஆம் ஆண்டளவில் அமைந்தது. கண்டோன்மெண்டு என்று வழங்கிய அப்பகுதிக்குப் படையோடும், படைக்கு வேண்டிய பணிகளோடும் தமிழர் திரளாக வந்தனர். கட்டடம் கட்டியோர், வண்டி ஓட்டியோர், சமையல் செய்தோர், துணி வெளுத்தோர், கடை வைத்தோர் எனப் பல தொழிலாளரும் அவருள் இருந்தனர். 1881 முதல் 1947 வரை கண்டோன்மெண்டுப் பகுதி மைசூர் அரசின் ஆட்சிக்கு உட்படாமல் ஆங்கிலேயரின் நேர் ஆட்சியில் இருந்தது. பழைய பேட்டையும் கண்டோன்மெண்டும் ஒரே மாநகராட்சியாக இணைந்தது 1949இல்தான். இவ்வரலாற்றினால்தான் அல்சூர், மர்பி டவுன் முதலிய இடங்களில் தமிழ் இன்றும் தெருவில் ஒலிக்கின்றது. அதனோடு கன்னடமும் தெலுங்கும் உருதும் கலந்து ஒலிக்கின்றன. நேற்று வந்து இறங்கிய குடும்பத்துக்கு இவ்வட்டாரம் அந்நியமாகத் தோன்றாததற்கு இதுவே காரணம்.

பழைய சென்னைச் சாலையைக் கடந்தால் இந்திரா நகர். அங்கே தெருக்கள் அகன்றவை, வீடுகள் பெரியவை, அவற்றின் வாயிலில் நாட்டியப் பள்ளி, இசைப் பள்ளி என்னும் பெயர்ப் பலகைகளும் மிகுதி. 2011ஆம் ஆண்டு அக்டோபரில் இந்நகரின் முதல் மெட்ரோ ரயில் பாதை திறக்கப்பட்டபோது அல்சூரும் இந்திரா நகரும் அதில் அடுத்தடுத்த நிலையங்களாக அமைந்தன. ஆகவே இப்பக்கத்திலிருந்து அப்பக்கம் செல்வது எளிது. எனினும் ஒரு வேறுபாடு உண்டு. சாலையின் அகலம் சில அடிகளே; மாதக் கட்டணத்தின் அகலமும் மேடைச் செலவின் அகலமும் அதனினும் பெரியவை. சிறு வீட்டில் வாழும் உழைப்பாளரின் குழந்தையும் இக்கலையைக் கற்க வேண்டும் என்பதை மனத்தில் வைத்தே இக்கட்டுரையை எழுதுகின்றோம்.

இவ்வூருக்குப் புதியதன்று

பரதநாட்டியம் தமிழ்நாட்டுக் கலை. கன்னட நாட்டில் நல்ல ஆசிரியர் கிடைப்பாரோ என்று ஐயுறுவோர் நம்மிடையே உண்டு. அவ்வையம் வேண்டுவதில்லை. இன்று கச்சேரிகளில் அலாரிப்பு, சதிசுவரம், சப்தம், வருணம், பதம், தில்லானா என்று வரும் வரிசையைச் செம்மைப்படுத்தியவர் என்று போற்றப்படுவோர் தஞ்சை நால்வர். சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்னும் அச்சகோதரர் நால்வரும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் வாழ்ந்தவர். அவருள் மூத்தவராகிய சின்னையா மைசூர் அரசவைக்கு வந்து தம் கலையை வளர்த்தார். ஆகவே தஞ்சையின் நாட்டியம் காவிரியின் மேல்திசை நோக்கிப் பயணம் செய்து ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் ஆகின்றன.

மைசூரில் அக்கலை தனி அழகோடு வளர்ந்தது. ஜட்டி தாயம்மா, அவர்தம் மாணவி வெங்கடலட்சம்மா ஆகியோர் அபிநயத்தில் புகழ் பெற்றனர். வெங்கடலட்சம்மாவுக்கு 1992இல் பத்மபூஷண் விருது அளிக்கப்பட்டது. பெங்களூரிலோ, வேதியியல் கற்பித்த யு. எஸ். கிருஷ்ணராவும் அவர் துணைவியார் சந்திரபாகா தேவியும், பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் கற்று இந்நகரில் பள்ளி நடத்தினர். 1912இல் பெங்களூரில் பிறந்த ராம் கோபாலும் அப்பிள்ளையவர்களிடம் பயின்று கடல் கடந்து பல நாடுகளில் ஆடினார். தஞ்சை நால்வரின் வழியில் தோன்றிய கிட்டப்பா பிள்ளையிடம் கற்ற பெங்களூர்க் கலைஞரும் உளர். இம்மரபுகளின் கிளைகள் இன்று நகரெங்கும் பரவியுள்ளன. ஒரு சிறு தெருவின் மாடி அறையில் கற்பிக்கும் ஆசிரியையும் இவற்றுள் ஒன்றைச் சேர்ந்தவராக இருக்கக் கூடும். “தாங்கள் யாரிடம் கற்றீர்கள்?” என்று பணிவோடு கேட்பதில் தவறில்லை. நன்கு கற்றவர் தம் ஆசிரியர் பெயரை மகிழ்ச்சியோடு சொல்வார்.

அப்பெயர்களைச் சொல்லும்போது மற்றொன்றையும் மறவாதிருத்தல் நலம். இக்கலையைத் தலைமுறை தலைமுறையாகக் காத்தோர் கோயிலையும் அரசவையையும் சார்ந்து வாழ்ந்த இசைக் குடும்பத்துப் பெண்களும் நட்டுவனார்களுமே. கோயில்களில் நாட்டியப் பணி மைசூர் நாட்டில் 1909இல் நிறுத்தப்பட்டது. சென்னை மாகாணத்தில் பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக் கட்டும் வழக்கம் 1947இல் சட்டத்தால் தடை செய்யப்பட்டது. அதற்கு முன்பே, ஒரு காலத்தில் இக்கலையை இகழ்ந்த வீடுகள் தம் பெண்களை இதற்கு அனுப்பத் தொடங்கிவிட்டன. பழிச்சொல்லைச் சுமந்தவர் ஒருவர். பாராட்டைப் பெற்றவர் வேறொருவர். நம் குழந்தை தட்டும் முதல் அடவும் அவர்கள் தந்த கொடை என்று சொல்லிக் கற்பிக்கும் ஆசிரியரைக் கண்டால் அவரை மதிக்க வேண்டும்.

எத்தனை வயதில்?

பெற்றோரை மிகவும் வாட்டுவது வயது பற்றிய கவலை. “ஐந்து முடிந்துவிட்டதே, இனியும் தாமதிக்கலாமா?” என்கின்றனர். பக்கத்து வீட்டுக் குழந்தை நான்கு வயதில் சேர்ந்துவிட்டது என்பது கேட்டவுடன் கவலை இரட்டிக்கின்றது.

சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில் மாதவி ஏழாண்டு பயின்று பன்னிரண்டாம் வயதில் அரங்கேறினாள் என்று காண்கின்றோம். எனவே ஐந்தில் தொடங்கினாள் என்பது கணக்கு. அண்மைக் காலத்துப் பாலசரஸ்வதி அதனினும் சிறு வயதில் தொடங்கி, 1925இல் ஏழு வயதிலேயே காஞ்சிபுரத்தில் அரங்கேறினார். ஆனால் அவர் வீணை தனம்மாளின் பேத்தி. இசை கேட்டே கண் விழித்து, இசை கேட்டே கண் உறங்கிய வீட்டில் வளர்ந்தவர். நம் வீடுகள் அத்தகையவை அல்ல. வெங்கடலட்சம்மா எட்டு வயதில் தொடங்கிப் பன்னிரண்டில் அரங்கேறினார். ருக்மிணி தேவியோ 1904இல் பிறந்து, 1935இல்தான் பரதநாட்டியம் ஆடி மேடையேறினார். அடுத்த ஆண்டே கலாக்ஷேத்திரத்தைத் தோற்றுவித்தார். கிருஷ்ணராவ் தம்பதியர் பந்தநல்லூரில் மாணவராய் அமர்ந்தபோது குழந்தைகள் அல்லர். ஆகவே ஐந்தில் தவறினால் வண்டி போய்விடும் என்று அஞ்ச வேண்டுவதில்லை.

உடலையும் கருத வேண்டும். அரைமண்டியில் அமர்ந்து, முழங்கால்களை இரு பக்கமும் விரித்து, பாதத்தைத் தரையில் ஓங்கித் தட்டுவது இக்கலையின் அடிப்படை. ஐந்து வயதுக் குழந்தையின் எலும்பும் மூட்டும் வளர்ந்துகொண்டிருப்பவை. ஆகவே அவ்வயதில் நெடுநேரம் அரைமண்டியில் நிறுத்தலாகாது. நம் கருத்து இதுவே: ஆறு ஏழு வயது வரை, கும்மியும் கோலாட்டமும் போதும். தாளத்துக்குக் கை தட்டவும், பிறரோடு சேர்ந்து வட்டமாக அடி வைக்கவும், பாட்டின் சொல்லைப் பிழையின்றி உச்சரிக்கவும் அவை கற்பிக்கின்றன. சங்கத்து விழாக்களில் இவற்றை ஆடும் குழந்தைகளைக் கண்டால், யாருக்குத் தாளம் உள்ளே ஓடுகின்றது என்பதும் தெரிந்துவிடும். பெரியவர்களான பின்பும் சில குழந்தைகளுக்குப் பரதத்தைவிட ஒயிலாட்டமும் கரகமும் பறையும் பொருந்தலாம். அதனைத் தாழ்வாகக் கருதுவது தகாது.

நாம் கண்ட மூவகை

நாம் சென்று பார்த்த இடங்களை மூவகையாகப் பிரிக்கலாம்.

முதல் வகை, பெரிய கூடத்தில் நடப்பது. சுவர் முழுதும் கண்ணாடி, பளிங்குத் தரை, ஒலிபெருக்கியில் பாட்டு, ஏறக்குறைய நாற்பது குழந்தைகள். முன் வரிசையில் நிற்போர் ஆசிரியையைப் பார்த்து ஆடினர். நடு வரிசையினர் முன் வரிசையினரைப் பார்த்து ஆடினர். பின் வரிசையினர் கண்ணாடியில் தம் முகத்தைப் பார்த்து மகிழ்ந்தனர். குழந்தைகளுக்கு மகிழ்ச்சி இல்லை என்று சொல்வதற்கில்லை. ஆனால் ஒரு மணி நேரத்தில் பின் வரிசைக் குழந்தை ஒன்றின் காலைத் திருத்த ஒருவரும் வந்ததாகக் காணோம். ஆண்டு விழா நெருங்குகின்றது என்பதால் அடவுப் பயிற்சியை விட்டுவிட்டு ஒரே பாட்டையே மாதக்கணக்கில் ஆடிவருவதாகவும் அறிந்தோம்.

இரண்டாம் வகை, பெயர் பெற்ற கலைஞர் நடத்துவது. அவ்விடத்துக்குச் செல்ல மர்பி டவுனிலிருந்து இரண்டு வண்டி மாறி ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. கற்பித்தல் உயர்ந்த தரத்தில் இருந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் கலைஞர் பெரும்பாலும் வெளியூர்க் கச்சேரிகளில் இருப்பதால், சிறுவர்க்குக் கற்பிப்போர் அவர்தம் மூத்த மாணவியரே. அவர்கள் நன்றாகவே கற்பித்தனர். எனினும் மாலையில் பள்ளிக்கூடம் விட்டு வந்த ஏழு வயதுக் குழந்தை, ஒரு மணி நேரம் வண்டியில் சென்று, ஒரு மணி நேரம் ஆடி, மீண்டும் ஒரு மணி நேரம் வண்டியில் திரும்பினால், சோறு உண்ணும் முன்பே உறங்கிவிடும். பதினான்கு வயதில் தானே விரும்பிச் செல்லும் மாணவிக்கு அவ்விடம் ஏற்றது. தொடக்கத்துக்கு அத்தொலைவு தகாது.

மூன்றாம் வகை, வீட்டின் கூடத்திலோ மாடி அறையிலோ நடப்பது. நாம் சென்ற அத்தகைய இடம் ஒன்றில் பன்னிரண்டு குழந்தைகள் இருந்தனர். தரை சிமெண்டுத் தரைதான். ஆனால் அதன்மேல் பலகை பரப்பப்பட்டிருந்தது. ஆசிரியை தரையில் அமர்ந்து, தட்டுமனையில் தட்டுக்கழியால் தாளம் தட்டிச் சொற்கட்டைத் தம் வாயாலேயே சொன்னார். குழந்தைகள் கால் தட்டும் முன், கையால் தாளமிட்டு அச்சொற்கட்டைத் தாமும் சொல்ல வேண்டும். முதற்காலம் முடிந்து இரண்டாம் காலம் வந்தபோது ஒரு சிறுமி தடுமாறி நின்றுவிட்டாள். ஆசிரியை அவளைக் கடிந்துகொள்ளவில்லை. தனியே நிறுத்தவும் இல்லை. எல்லாரையும் முதற்காலத்துக்குத் திரும்ப அழைத்து வந்து, மெல்ல மெல்ல ஏற்றிச் சென்றார். நான்காம் முறை அச்சிறுமியும் மற்றவர்களோடு சேர்ந்து தட்டினாள். அவள் முகத்தைப் பார்த்தபோது நாம் வந்த வேலை முடிந்தது என்று எண்ணினோம்.

வீட்டில் நடப்பவை யாவும் நல்லவை என்றோ, கூடத்தில் நடப்பவை யாவும் குறையுடையவை என்றோ கொள்ள வேண்டா. இடத்தின் தோற்றத்தைக் கண்டு முடிவு செய்யாமல், அமர்ந்து ஒரு பாடம் முழுவதையும் பார்க்க வேண்டும் என்பதே இதனால் பெறப்படுவது.

பார்க்க வேண்டியவை

முதலில் தரையைப் பாருங்கள். ஓங்கித் தட்டும் காலின் அடியைத் தரை சிறிதளவேனும் தாங்கிக்கொள்ள வேண்டும். பழங்காலத்தில் மண்ணைக் கெட்டித்துச் சாணமிட்டு மெழுகிய தரையில் ஆடினர். இன்று கற்காரையின்மேல் பளிங்கு பதித்த தரையில் நாள்தோறும் தட்டினால் கணைக்காலும் முழங்காலும் நோவெடுக்கும். பலகைத் தரை நன்று. அஃது இல்லாவிடத்தில், குறைந்த நேரம் தட்டி இடையிடையே ஓய்வு கொடுக்கின்றனரா என்று பாருங்கள்.

இரண்டாவதாக, குழந்தைகளின் முழங்காலைப் பாருங்கள். அரைமண்டியில் கால் விரிவது இடுப்பு மூட்டிலிருந்து வர வேண்டும். பாதத்தை மட்டும் வலிந்து பக்கவாட்டில் திருப்பிவிட்டு முழங்கால் முன்னோக்கி நின்றால், பளு முழுவதும் முழங்காலில் முறுக்காக இறங்கும். பாதம் நோக்கும் திசையையே முழங்காலும் நோக்க வேண்டும். நல்ல ஆசிரியர் ஆழ அமரச் சொல்லுமுன் இதனைத் திருத்துவார். இன்று சிறிதளவே அமர முடிந்த குழந்தையை, “இதுவே போதும், அடுத்த மாதம் இன்னும் அமர்வாய்” என்று விட்டுவிடுவார்.

மூன்றாவதாக, குரலைக் கேளுங்கள். தாளத்தை ஆசிரியரின் குரலும் கழியும் தர வேண்டும். ஒலிப்பதிவுக் கருவி ஒரே வேகத்தில் ஓடும். தடுமாறும் குழந்தைக்காக அது காத்திராது. அக்குரலில் கண்டிப்பு இருக்கலாம், இழிவு இருத்தலாகாது. குழந்தையின் நிறத்தையோ உடற்பருமனையோ குறித்து ஒரு சொல் கேட்டாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

நான்காவதாக, கதவைப் பாருங்கள். பெற்றோர் எப்போது வேண்டுமாயினும் வந்து அமர்ந்து பார்க்க இசைவு உண்டா? கதவை அடைத்துக்கொண்டு, உள்ளே வரலாகாது என்று சொல்லும் இடத்தில் சிறு குழந்தையை விடலாகாது. பாடம் கெடாதபடி ஓரமாக அமர்வது நம் கடமை. இடையில் எழுந்து நம் குழந்தைக்குச் சைகை காட்டாதிருப்பதும் நம் கடமையே.

ஐந்தாவதாக, செலவைத் தொடக்கத்திலேயே கேளுங்கள். மாதக் கட்டணம் எவ்வளவு என்று கேட்போர் பலர். ஆண்டு விழாவுக்கு உடை, நகை, ஒப்பனை, மண்டபப் பங்கு என்று தனியே எவ்வளவு ஆகும் என்று கேட்போர் சிலரே. பின்னாளில் அரங்கேற்றம் என்று வந்தால், பக்கவாத்தியக்காரர், மண்டபம், உடைகள், அழைப்பிதழ், விருந்து எனச் சிறு திருமணத்துக்கு ஆகும் செலவு ஆகிவிடுகின்றது. கடன் வாங்கி அரங்கேற்றம் நடத்திய குடும்பங்களும் உண்டு. கோயில் மண்டபத்திலோ சங்கத்து மேடையிலோ எளிய முறையில் ஆடுவதை அரங்கேற்றமாக ஏற்பாரா என்று ஆசிரியரிடம் முன்பே கேட்டறிக. கருநாடகத்தில் ஜூனியர், சீனியர், வித்வத் எனப் படிப்படியாக நாட்டியத் தேர்வுகள் உண்டு. ஆடம்பரமின்றித் தம் தேர்ச்சியை அளந்துகொள்ள விரும்பும் மாணவர்க்கு இவை பயன்படும். ஆனால் எட்டு வயதுக் குழந்தையைத் தேர்வுக்காகவே விரட்டும் பள்ளி வேண்டா.

இவ்விடத்தில் இளங்கோவடிகளை மீண்டும் நினைத்தல் தகும். அரங்கேற்று காதையில் அவர் முதலில் கூறுவது மேடையின் அழகையன்று. ஆடல் ஆசிரியன் எத்தகையவனாக இருக்க வேண்டும், இசையாசிரியன், கவிஞன், தண்ணுமை ஆசிரியன், குழலோன், யாழாசிரியன் ஆகியோர் எத்தகையவராக இருக்க வேண்டும் என்று ஒவ்வொருவராக விரித்துரைக்கின்றார். அதன் பின்னரே அரங்குக்கு நிலம் தேர்வதையும், ஏழு கோல் அகலமும் எட்டுக் கோல் நீளமும் ஒரு கோல் உயரமுமாக மேடை அமைப்பதையும் கூறுகின்றார். ஆசிரியர் முதல், அரங்கு பின் என்பது அவர் வைத்த முறை. நாம் இன்று பெரும்பாலும் விழா மேடையின் ஒளிப்படத்தைக் கண்டு மயங்கி, அம்முறையைத் தலைகீழாக்குகின்றோம்.

பாட்டின் மொழி

நிற்க. ஊரைவிட்டு வந்து வாழும் நமக்கு மற்றொரு கவலையும் உண்டு. நம் குழந்தைகள் ஆங்கிலத்தில் படிக்கின்றனர். விளையாடும்போது கன்னடமும் இந்தியும் பேசுகின்றனர். தமிழை வீட்டில் கேட்டு வீட்டிலேயே விட்டுவிடுகின்றனர். நாட்டியம் அவர்களுக்குத் தமிழைத் தருமா?

தரும், பாட்டின் பொருளைச் சொல்லிக் கொடுத்தால் தரும். முத்துத்தாண்டவரும் கோபாலகிருஷ்ண பாரதியாரும் பாடிய பாடல்கள் இக்கலையில் நிலைபெற்றவை. திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சி நாட்டிய நாடகமாகப் புகழ் பெற்றது. ஒரு சொல்லுக்குக் கை ஒரு பொருளைக் காட்ட வேண்டும். கண் அதனைத் தொடர வேண்டும். ஆகவே பொருள் தெரியாமல் அபிநயம் இல்லை. ஓரிடத்தில் தமிழ்ப் பதம் ஒன்றுக்கு ஆடிய பத்து வயதுச் சிறுமியிடம், ஒரு வரியைச் சுட்டி, “இதற்கு என்ன பொருள், அம்மா?” என்று வினவினோம். “கையை இப்படி வைக்க வேண்டும்” என்று காட்டினாளேயன்றிப் பொருள் சொல்ல அவளால் இயலவில்லை. அவள் தமிழ்க் குடும்பத்துக் குழந்தைதான். குறை அவளுடையதன்று.

இதனால் தமிழ்ப் பாடல் மட்டுமே கற்பிக்கும் பள்ளியைத் தேட வேண்டும் என்பதில்லை. க்ஷேத்திரக்ஞரின் தெலுங்குப் பதமும் புரந்தரதாசரின் கன்னடப் பாடலும் இக்கலையின் செல்வங்களே. புரந்தரதாசர் பாடலுக்கு நம் குழந்தை பொருள் அறிந்து ஆடினால், மாடியில் குடியிருக்கும் கன்னட அம்மையார் கீழே இறங்கி வந்து பார்த்து மகிழ்வார். அவர் பேத்தி நம் பதத்தைக் கேட்டு வாங்கிக்கொள்வாள். பெங்களூர்த் தமிழ்ச் சங்கம் 1950இல் தோன்றியது. அல்சூர் ஏரிக்கரையில் திருவள்ளுவர் சிலை பல ஆண்டுகள் மூடிக் கிடந்து, 2009 ஆகஸ்டு 9ஆம் நாள் திறக்கப்பட்டது. அதே வாரத்தில் சென்னையில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞரின் சிலையும் திறக்கப்பட்டது. பெரியோர் பல ஆண்டு பேசிச் செய்த அச்செயலைக் குழந்தைகள் ஒரு பாட்டில் செய்துவிடுவர்.

வகுப்பில் சேர்க்குமுன் குழந்தையை அல்சூர்ச் சோமேசுவரர் கோயிலுக்கு ஒரு முறை அழைத்துச் செல்லுங்கள். அங்கே கயிலையைப் பெயர்க்கும் இராவணனையும், மகிடனை வெல்லும் துர்க்கையையும், நாயன்மார் உருவங்களையும் சிற்பத்தில் காணலாம். அக்கதைகளை நம் மொழியில், நம் வாயால் சொல்லுங்கள். பின்னாளில் ஆசிரியர் அவற்றை அபிநயத்தில் கற்பிக்கும்போது குழந்தைக்கு அவை முன்பே அறிமுகமானவையாக இருக்கும். இதற்குக் கட்டணம் ஏதுமில்லை.

குழந்தையின் விருப்பம்

இறுதியாக ஒன்று. தாம் கற்க விரும்பிக் கற்க முடியாமற்போனதைக் குழந்தையின் காலில் ஏற்றிவைக்கும் பெற்றோர் உண்டு. அவர் அன்பில் குறையில்லை. ஆயினும் ஆடப் போவது குழந்தை. மூன்று வகுப்புகள் பார்த்தபின், “எங்கே போக விருப்பம்?” என்று குழந்தையைக் கேளுங்கள். எங்கும் வேண்டா என்றால் ஓராண்டு பொறுங்கள். ஆண் குழந்தை “நானும் ஆடுகின்றேன்” என்றால் நகைக்காதீர்கள். நட்டுவனார்களும் ராம் கோபாலும் கிருஷ்ணராவும் ஆண்களே. சேர்ந்தபின் ஓராண்டுக்கு மேடை பற்றிப் பேசாதிருங்கள். உறவினர் வந்தால், “எங்கே, ஆடிக் காட்டு” என்று கூடத்தில் நிறுத்தாதீர்கள்.

கற்பிப்போரிடத்தும் சங்கத்தாரிடத்தும் நமக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. பத்துக் குழந்தைகளுக்குக் கட்டணம் வாங்கும் ஆசிரியர், மர்பி டவுனின் சிறு வீட்டிலிருந்து வரும் ஒரு குழந்தைக்குக் கட்டணமின்றிக் கற்பிக்கலாம். வளர்ந்துவிட்ட பிள்ளைகளின் நாட்டிய உடைகளும் சலங்கைகளும் பெட்டியில் உறங்குகின்றன. அவற்றைச் சங்கத்துக்குக் கொடுத்தால் தேவைப்படும் குழந்தைக்குச் சேரும். ஒரே தெருவிலுள்ள நான்கு குடும்பங்கள் முறை வைத்துக் குழந்தைகளை அழைத்துச் சென்றால், வேலைக்குச் செல்லும் தாய்மாரின் சுமை குறையும்.

விசயதசமி நாளில் கலை கற்கத் தொடங்குவது நம் வழக்கம். அதற்கு இரண்டு மாதம் முன்னதாகவே பார்க்கத் தொடங்குங்கள். ஒவ்வோர் இடத்திலும் ஒரு பாடம் முழுவதும் அமர்ந்திருங்கள். தரையும் குரலும் மனத்துக்கு ஒத்து, திரும்பும் வழியில் குழந்தை தானே சொற்கட்டைச் சொல்லிக்கொண்டு நடந்தால், அவ்விடத்திலேயே சேர்த்துவிடுங்கள்.